தரவு கூடினாலும் குறைந்தாலும் சரியாக நிற்கும் நேம்டு ரேஞ்ச்: படிப்படியான வழிகாட்டி

எக்ஸெலில் தொகை என்று ஒரு பெயர் வைத்து அதை டி2:டி50 என்ற செல்களுக்குக் கொடுக்கிறீர்கள். இப்படிப் பெயர் வைத்த செல்களின் தொகுப்புதான் நேம்டு ரேஞ்ச். அடுத்த வாரம் 51-ஆவது வரியில் புதுப் பதிவு வருகிறது. கூட்டுத்தொகை அசையவில்லை, பிழைச் செய்தியும் இல்லை. தப்பான விடை சரியான விடையின் முகத்தோடு உட்கார்ந்திருக்கும். அதனால்தான் இதைப் பல மாதங்கள் யாரும் கவனிப்பதில்லை.

புதிதாக வருபவர்கள் நேரே ஃபார்முலாவைத் தேடுகிறார்கள். அதற்கு முன் முடிவு செய்ய வேண்டியது ஒன்று உண்டு: தரவு எந்த வரியோடு முடிகிறது என்பதை யார் தீர்மானிப்பது? ஒரே ஒரு இடம்தான் அதைச் சொல்ல வேண்டும். மற்ற பெயர்கள் எல்லாம் அதைக் கேட்டு நடக்க வேண்டும். கீழே உள்ள படிகளின் வரிசை இந்த ஒரு காரணத்துக்காகத்தான் இப்படி இருக்கிறது.

எழுத்து பற்றி ஒரு குறிப்பு. ஃபங்ஷன் பெயர்கள், நெடுவரிசை எழுத்துகள், நான் வைத்திருக்கும் பெயர்கள் ஆகியவற்றை இங்கே தமிழில் எழுதியிருக்கிறேன். ஷீட்டில் ஆங்கில எழுத்தில் அடியுங்கள். சில கணினிகளில் வட்டார அமைப்பைப் பொறுத்து கமாவுக்குப் பதில் அரைப்புள்ளி போட வேண்டியிருக்கும். விளக்கம் எக்ஸெலை வைத்துப் போகிறது; மற்ற இரண்டு மென்பொருள்கள் கடைசிக்கு முந்தைய பகுதியில்.

1. இது உங்களுக்குத் தேவையா என்று பாருங்கள்

ஒரு நெடுவரிசையைக் கூட்டுவது மட்டும்தான் வேலை என்றால் இந்தப் பாடு வேண்டாம். சம், சம்இஃப்ஸ், கவுண்ட்இஃப்ஸ் மூன்றுக்கும் டி:டி என்று முழு நெடுவரிசையையே கொடுக்கலாம். ஒரு ஷீட்டில் 10,48,576 வரிகள் இருந்தாலும் இவை பயன்பாட்டில் உள்ள பகுதியோடு நின்றுவிடும், வேகம் குறையாது.

சம்ப்ராடக்ட் அப்படியில்லை. முழு நெடுவரிசை கொடுத்தால் அத்தனை வரிகளையும் மென்று முடிக்கும். சார்ட்டும் டிராப்டவுனும் வெற்று வரிகளையும் சேர்த்தே காட்டும். அளவு சரியாக இருக்க வேண்டிய இடங்கள் இவைதான்.

2. ஷீட்டைச் சுத்தப்படுத்துங்கள்

எந்த முறையைத் தேர்ந்தாலும் ஷீட் ஒழுங்காக இல்லையென்றால் விடை தப்பும். ஃபார்முலாவை நொந்துகொள்பவர்களின் ஷீட்டைத் திறந்து பார்த்தால் கோளாறு பெரும்பாலும் இங்கேதான் இருக்கும்.

தலைப்பு ஒரே வரியில் இருக்கட்டும். இணைத்த செல்கள் வேண்டாம். தரவுக்குக் கீழே கூட்டுத்தொகை, குறிப்பு, கையெழுத்து வரி எதுவும் கூடாது. வளர வேண்டிய இடத்தை அவை அடைத்துக்கொள்ளும், எண்ணிக்கையையும் கெடுக்கும். மொத்தம் வேண்டுமானால் தலைப்புக்கு மேலேயோ வேறு ஷீட்டிலோ வையுங்கள்.

அடுத்தது முக்கியம்: ஒருபோதும் காலியாக விடப்படாத நெடுவரிசை ஒன்றைக் கண்டுபிடியுங்கள். பதிவு எண், தேதி போன்றவை பொருந்தும். ‘குறிப்பு’, ‘தள்ளுபடி’ போன்றவை பொருந்தாது. கடைசி வரியை இந்தச் சாவி நெடுவரிசைதான் சொல்லப்போகிறது.

அந்தச் சாவி தேதியாக இருந்தால், எல்லாம் உண்மையான தேதிதானா என்று பாருங்கள். வேறு எங்கிருந்தோ ஒட்டிய தேதிகள் பார்வைக்குத் தேதியாக இருந்தும் உள்ளே வெறும் எழுத்தாகக் கிடக்கும். கவுண்ட் எண்களை மட்டும் எண்ணும். கவுண்ட்ஏ எதுவானாலும் எண்ணும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் தலைப்புக்கான 1 மட்டுமே என்றால் சரி. அதற்கு மேல் போனால் எழுத்துத் தேதிகள் உள்ளே இருக்கின்றன.

3. சாதாரணப் பெயர் எப்போது நீளும் என்று சோதித்துப் பாருங்கள்

காலி ஃபைல் ஒன்றில் டி2:டி10 நிரப்பி, தேர்ந்தெடுத்து, ஃபார்முலா பட்டியின் இடப்பக்கம் உள்ள நேம் பாக்ஸில் ஒரு பெயரை அடித்து என்டர் தட்டுங்கள். பிறகு மூன்று காரியங்கள் செய்யுங்கள்.

5-ஆவது வரியில் புது வரி நுழையுங்கள்: பெயர் டி11 வரை நீளும். தரவு முடிந்த அடுத்த வரியில் ஒரு எண்ணை அடியுங்கள்: பெயர் நீளாது. 2 முதல் கடைசி வரை எல்லா வரிகளையும் டிலீட் செய்யுங்கள்: பெயர் #ரெஃப்! (குறித்த முகவரி இல்லை என்ற பிழை) ஆகிவிடும்.

நடுவில் நுழைத்தால் நீளும் என்பதை நம்பி, கடைசியில் ஒரு வெற்று வரியையும் பெயருக்குள் சேர்த்துவிட்டு ‘அதற்கு மேலேயே நுழையுங்கள்’ என்று சொல்லும் பழைய உத்தி ஒன்று உண்டு. ஒருவர் மட்டும் தொடும் ஃபைலில் ஓடும். இரண்டாவது ஆள் வந்ததும் அது நிற்காது.

4. முதல் தேர்வு: டேபிள்

தரவுக்குள் ஒரு செல்லில் நின்று கன்ட்ரோல்+டி (டேபிள் என்ற ஆங்கிலச் சொல்லின் முதல் எழுத்து; டி நெடுவரிசையின் எழுத்து அல்ல). தலைப்பு உண்டு என்ற கட்டத்தில் டிக் இருக்கிறதா என்று பார்த்து ஓகே கொடுங்கள். டேபிள் டிசைன் டேபில் பெயரை உடனே மாற்றுங்கள். டேபிள்1, டேபிள்2 என்று விட்டால் பின்னால் எது எதுவென்று தெரியாது. இங்கே அதைப் பதிவுகள் என்று வைத்துக்கொள்வோம்.

இனி =சம்(பதிவுகள்[தொகை]) என்று எழுதலாம். டேபிளை ஒட்டிக் கீழே அடித்தாலும் ஒட்டினாலும் டேபிள் தானே நீளும். முடிவு எங்கே என்பதை எக்ஸெலே கவனித்துக்கொள்கிறது. நீங்கள் எண்ணி எழுதும் ஃபார்முலா எதையும்விட இது நம்பகமானது.

நீளாமல் போகும் சந்தர்ப்பங்கள் சில உண்டு. நடுவில் ஒரு வரி விட்டு அடித்தால் டேபிளுக்கு அது தெரியாது. டோட்டல் ரோ போட்டிருந்தால் அதற்குக் கீழே அடிப்பது சேராது. கடைசித் தரவு செல்லில் நின்று டேப் விசையைத் தட்ட வேண்டும். ஷீட்டுக்குப் பாதுகாப்புப் போட்டிருந்தாலும் நீளாது. இவை எதுவும் இல்லாமலே நீளவில்லை என்றால், ஆப்ஷன்ஸில் ப்ரூஃபிங், ஆட்டோகரெக்ட் ஆப்ஷன்ஸ், ‘ஆட்டோஃபார்மேட் ஆஸ் யூ டைப்’ என்று போய், புதிய வரிகளை டேபிளில் சேர்க்கும் டிக் எடுபட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஒருமுறை தெரியாமல் எடுத்துவிட்டால் எல்லா ஃபைல்களிலும் அப்படியே நிற்கும் அமைப்பு அது.

5. டேபிளின் மேல் ஒரு பெயர்

டேபிள் இருக்கும்போது பெயர் எதற்கு? டேட்டா வேலிடேஷன் பெட்டியும் கண்டிஷனல் ஃபார்மேட்டிங் பெட்டியும் பதிவுகள்[பொருள்] என்ற எழுத்துமுறையை நேரடியாக ஏற்பதில்லை. பெயரை ஏற்கும்.

கன்ட்ரோல்+எஃப்3 தட்டி நேம் மேனேஜரைத் திறந்து, நியூ கொடுத்து, பெயர் பொருள்பட்டியல் என்றும், ‘ரெஃபர்ஸ் டு’ பெட்டியில் =பதிவுகள்[பொருள்] என்றும் அடியுங்கள். டிராப்டவுனின் சோர்ஸ் பெட்டியில் =பொருள்பட்டியல். இனி டேபிள் நீண்டால் டிராப்டவுனும் நீளும்.

‘ரெஃபர்ஸ் டு’ பெட்டியில் எல்லோரும் ஒருமுறையாவது மாட்டிக்கொள்வார்கள். எழுத்தைத் திருத்த அம்பு விசையைத் தட்டினால் கர்ஸர் நகராமல் ஷீட்டின் செல் முகவரி ஒன்று உள்ளே வந்து விழும். முதலில் எஃப்2 தட்டுங்கள். பிறகு அம்புகள் எழுத்துக்குள்ளேயே நகரும்.

பெயருக்கான விதிகள்: இடைவெளி கூடாது, எண்ணில் தொடங்கக் கூடாது, செல் முகவரி போல இருக்கக் கூடாது, 255 எழுத்துக்கு மிகக் கூடாது. மூன்று எழுத்தும் ஓர் எண்ணுமாகப் பெயர் வைப்பவர்களை எக்ஸெல் அடிக்கடி மறுக்கும். அது உண்மையான செல் முகவரியாகவே இருக்கும், ஏனென்றால் நெடுவரிசைகள் மூன்று எழுத்து வரை போகின்றன.

6. டேபிள் போட முடியாதபோது: கடைசி வரியை ஒரே செல்லில் கண்டுபிடியுங்கள்

வேறொரு மென்பொருள் ஒவ்வொரு முறையும் ஷீட்டை மேலெழுதும். தலைப்பு இரண்டு வரியாக இருக்கும், மாற்ற அனுமதி இருக்காது. தரவே ஒரு ஸ்பில் ஃபார்முலாவின் (ஒரே செல்லில் எழுதினால் விடை பல செல்களில் பரவும் ஃபார்முலா) விளைவாக இருக்கும், அது டேபிளுக்குள் வேலை செய்யாது. இங்கெல்லாம் நாமே கணக்கிட வேண்டும்.

தரவு ‘பதிவு’ என்ற ஷீட்டில், 1-ஆவது வரியில் தலைப்பு, ஏ-யில் தேதி, பி-யில் பொருள், டி-யில் தொகை என்று கொள்வோம். அமைப்பு என்று தனி ஷீட் திறந்து பி1 செல்லில்:

=மேக்ஸ்(2, இஃப்எர்ரர்(மேட்ச்(10^15, பதிவு!$ஏ:$ஏ), 2))

மேட்ச்சுக்கு அந்த நெடுவரிசையில் இருக்கவே முடியாத பெரிய எண் ஒன்றைக் கொடுத்தால், அது கடைசியாக உள்ள எண்ணின் இடத்தைத் திருப்பித் தரும். தேதிகள் உள்ளே எண்களே என்பதால் கடைசித் தேதி எந்த வரியில் என்று கிடைத்துவிடும். இடையில் சில செல்கள் காலியாக இருந்தாலும் பாதிப்பில்லை. தரவே இல்லாதபோது வரும் பிழையை இஃப்எர்ரர் 2 ஆக்குகிறது. மேக்ஸ், விடை தலைப்பு வரிக்கு இறங்காமல் காக்கிறது.

இந்தக் காவல் வீண் என்று எடுத்துவிடாதீர்கள். கடைசி வரி 1 என்று வந்தால் ரேஞ்ச் டி2:டி1 ஆகும். எக்ஸெல் அதைத் திருப்பி டி1:டி2 என்று படித்துக்கொள்ளும். தலைப்பும் தரவோடு கலந்துவிடும்.

இணையத்தில் பரவலாகக் கிடைப்பது கவுண்ட்ஏ வழி. நிரம்பிய செல்களை எண்ணி அதையே கடைசி வரியாகக் கொள்வது. ஒரு செல் காலியானால் கடைசிப் பதிவு ஒன்று சத்தமில்லாமல் விடுபடும். வெற்று எழுத்தைத் தரும் ஃபார்முலாக்கள் இருந்தால் நேர்மாறு: காலியாகத் தெரியும் செல்களையும் எண்ணி ரேஞ்சை நீட்டிவிடும். சாவி நெடுவரிசை இரும்புபோல் உறுதி என்றால் மட்டும் அதைப் பயன்படுத்துங்கள்.

சாவி எழுத்தாக இருந்தால் மேட்ச்சுக்குப் பதில் இது:

=லுக்அப்(2, 1/(பதிவு!$பி$1:$பி$20000<>""), ரோ(பதிவு!$பி$1:$பி$20000))

காலியல்லாத வரிக்கு 1 கிடைக்கும். காலியான வரியில் பூஜ்யத்தால் வகுத்த பிழை வரும். லுக்அப் பிழைகளைத் தாண்டிக் கடைசி 1-இல் போய் நிற்கும். 20000 என்று எல்லை போட்டதற்குக் காரணம் வேகம். உங்கள் தரவு எட்டவே எட்டாத எண்ணாகப் பார்த்து வையுங்கள். தலைப்பு மட்டும் இருந்தால் இது 1 தரும். மேக்ஸ்(2, …) காவலை இதற்கும் போடுங்கள்.

பி1 செல்லுக்குக் கடைசிவரி என்று பெயர் கொடுங்கள். ஃபார்முலாவை நேரே பெயருக்குள் எழுதாமல் செல்லில் எழுதச் சொல்வதற்கு இரண்டு காரணங்கள். செல்லில் இருந்தால் ஒருமுறை கணக்கிட்டால் போதும். பெயருக்குள் இருந்தால் அந்தப் பெயரைப் பயன்படுத்தும் ஒவ்வொரு இடத்திலும் மறுபடி கணக்கிடப்படும். அதைவிட, செல் கண்ணுக்குத் தெரியும். எண் விசித்திரமாக இருந்தால் பார்த்தவுடன் பிடிக்கலாம்.

7. நெடுவரிசைப் பெயர்களை அந்த எண்ணின் மேல் கட்டுங்கள்

நேம் மேனேஜரில் தொகை என்ற பெயருக்கு:

=இண்டெக்ஸ்(பதிவு!$டி:$டி, 2):இண்டெக்ஸ்(பதிவு!$டி:$டி, கடைசிவரி)

தேதி, பொருள் ஆகியவற்றுக்கும் நெடுவரிசை எழுத்தை மட்டும் மாற்றி இதையே எழுதுங்கள். தலைப்பு 4-ஆவது வரியில் இருந்தால் இங்கும் முந்தைய படியிலும் 2-க்குப் பதில் 5.

ஒவ்வொரு நெடுவரிசையும் தன் நீளத்தைத் தானே எண்ணிக்கொள்ளும்படி எழுதுவதுதான் நான் அதிகம் பார்த்த தவறு. தொகை நெடுவரிசையில் ஒரு செல் காலியானால் அது 99 வரி, தேதி 100 வரி. சம்இஃப்ஸ், சம்ப்ராடக்ட், ஃபில்டர் எல்லாம் நீளம் பொருந்தாமல் #வேல்யூ! தரும். அது நல்ல விளைவு, தப்பு தெரிந்துவிட்டது. சார்ட் பிழை சொல்லாது. பொருந்தாத நீளத்தோடு வரைந்து காட்டும். எல்லாப் பெயரும் கடைசிவரியைக் கேட்டால் இந்தப் பேச்சுக்கே இடமில்லை.

தொடக்கத்தை $டி$2 என்று எழுதாமல் இண்டெக்ஸ் வழியாக 2 என்று எழுதியதும் வேண்டுமென்றே. $டி$2 என்று இருந்து யாராவது 2-ஆவது வரியை டிலீட் செய்தால் பெயர் #ரெஃப்! ஆகிவிடும். முழு நெடுவரிசையின் இரண்டாவது செல் என்று சொன்னால் எந்த வரி போனாலும் அந்த இடம் இருக்கும்.

டாலர் குறிகளை விடாதீர்கள். அவை இல்லாத பெயர், எழுதும்போது எந்த செல்லில் நின்றீர்களோ அதிலிருந்து தூரத்தைக் கணக்கிடும். வேறு செல்லில் பயன்படுத்தினால் பக்கத்து நெடுவரிசையைக் காட்டும்.

பலரும் இதே வேலைக்கு ஆஃப்செட்டை (தொடக்க செல்லும் உயரமும் கொடுத்தால் ரேஞ்சைத் தரும் ஃபங்ஷன்) எழுதுகிறார்கள். விடை ஒன்றுதான். ஆனால் ஆஃப்செட் ஷீட்டில் எந்த மாற்றம் நடந்தாலும், தொடர்பே இல்லாவிட்டாலும், மறுபடி கணக்கிடப்படும். அதைச் சார்ந்த ஃபார்முலாக்களும் கூடவே ஓடும். சின்ன ஃபைலில் தெரியாது, பெரிய ஃபைலில் ஒவ்வொரு என்டருக்கும் காத்திருக்க வேண்டும். உயரம் பூஜ்யமானால் #ரெஃப்! வேறு. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் ஃபைலில் மாற்ற அவசரம் வேண்டாம். புதிதாக எழுதும்போது தவிருங்கள்.

தரவு ஸ்பில் ஃபார்முலாவாக இருந்தால் இவ்வளவும் வேண்டாம். பெயருக்கு =பதிவு!$ஏ$2# என்று கொடுத்தால் ஸ்பில் எவ்வளவோ அவ்வளவையும் பெயர் எடுத்துக்கொள்ளும்.

8. நம்புவதற்கு முன் சோதியுங்கள்

நேம் மேனேஜரில் பெயரைத் தேர்ந்து ‘ரெஃபர்ஸ் டு’ பெட்டிக்குள் கிளிக் செய்யுங்கள். அது காட்டும் பகுதியைச் சுற்றி ஷீட்டில் கோடு ஓடும். ஃபார்முலாவால் ஆன பெயர்கள் நேம் பாக்ஸின் பட்டியலில் வராது. பெயர் தொலைந்துவிட்டதென்று இரண்டாவது முறை உருவாக்கியவர்கள் உண்டு. அங்கே கையால் அடித்து என்டர் தட்டினால் அந்த இடத்துக்குப் போகும்.

அமைப்பு ஷீட்டில் =ரோஸ்(தொகை), =ரோஸ்(தேதி) என்று இரண்டு செல்கள் வையுங்கள். பிறகு பதிவு ஷீட்டில் கடைசியில் ஒரு வரி சேர்த்துப் பாருங்கள். ஒரு தொகையை மட்டும் அழித்துப் பாருங்கள். 2-ஆவது வரியை டிலீட் செய்யுங்கள். கடைசியாக, தலைப்பை மட்டும் விட்டு எல்லாவற்றையும் அழியுங்கள். இரண்டு எண்களும் சமமாகவே இருக்க வேண்டும்; கடைசிச் சோதனையில் இரண்டும் 1. இந்தக் காலி நிலைச் சோதனையைப் பெரும்பாலோர் தாண்டிவிடுகிறார்கள். புது மாதத்துக்கு ஃபைலைக் காலி செய்யும்போதுதான் அது உடையும்.

9. பயன்படுத்தும் இடத்தில் வரும் சிக்கல்கள்

சார்ட். சார்ட் டேட்டா ரேஞ்ச் பெட்டியில் பெயரை அடித்தால் ஏற்றுக்கொள்வதுபோல் இருக்கும், ஆனால் அப்போதைய முகவரியாக மாற்றிப் போட்டுவிடும், பிறகு வளராது. ஒவ்வொரு சீரீஸையும் தனியாகத் திருத்த வேண்டும். வேல்யூஸ் பெட்டியில் =பதிவு!தொகை என்று ஷீட் பெயரோடு சேர்த்து எழுதுங்கள். வெறும் பெயரை அது ஏற்காது. தேதி அச்சுக்கும் அப்படியே.

டிராப்டவுன். ‘பின்னால் தேவைப்படும்’ என்று 500 வரி வரை பெயரை நீட்டி வைத்தால் பட்டியலின் அடியில் காலியிடம் தெரிவது சின்னத் தொல்லை. பெரிய தொல்லை வேறு: பெயர் காட்டும் பகுதிக்குள் வெற்று செல் இருந்து, ‘இக்னோர் பிளாங்க்’ டிக்கும் இருந்தால், பட்டியலில் இல்லாத எதை அடித்தாலும் ஏற்றுக்கொள்ளும். சரிபார்ப்பு இருப்பதுபோல் தோன்றும், உண்மையில் இருக்காது.

இண்டைரக்ட். எழுத்தாகக் கொடுத்ததை முகவரியாகப் படிக்கும் ஃபங்ஷன் இது. ஒரு டிராப்டவுனைப் பொறுத்து மற்றொன்று மாற வேண்டும் என்றால் பெரும்பாலும் இதைத்தான் பயன்படுத்துவார்கள். இண்டெக்ஸ், ஆஃப்செட் வைத்துக் கட்டிய பெயரை இண்டைரக்ட் படிக்காது, #ரெஃப்! தான். அந்தப் பட்டியல்களை டேபிளாக வைத்து, =இண்டைரக்ட்("பதிவுகள்[பொருள்]") என்ற வகையில் எழுதினால் வேலை செய்யும்.

பிவட் டேபிள் (தரவைத் தொகுத்துச் சுருக்கிக் காட்டும் அட்டவணை). சோர்ஸாக டேபிள் பெயரையோ நாம் கட்டிய பெயரையோ கொடுக்கலாம். பெயராக இருந்தால் தலைப்பு வரியும் உள்ளே வர வேண்டும், எனவே அதற்குத் தனிப் பெயர். ரேஞ்ச் வளர்ந்தாலும் ரிஃப்ரெஷ் கொடுக்காமல் பிவட் மாறாது.

10. கூகுள் ஷீட்ஸ், லிப்ரே ஆபீஸ்

கூகுள் ஷீட்ஸில் நேம்டு ரேஞ்சுக்குள் ஃபார்முலா எழுத முடியாது, முகவரி மட்டும்தான். 6, 7 படிகள் அங்கே நடக்காது. ஆனால் ஃபார்முலாக்களில் ஏ2:ஏ என்று முடிவில்லாத ரேஞ்ச் எழுதலாம் என்பதால் தேவையும் குறைவு. வெற்று வரிகளை ஃபில்டர் வைத்துக் கழித்துவிடுங்கள். 2024 முதல் அங்கேயும் டேபிள் உண்டு. நெடுவரிசையை டேபிள் பெயரோடு குறிப்பிடலாம்.

லிப்ரே ஆபீஸ் கால்க் பெயருக்குள் ஃபார்முலாவை ஏற்கும். அங்கும் கன்ட்ரோல்+எஃப்3 தான். ஆப்ஷன்ஸில் கால்க், ஜெனரல் பகுதியில் வரி நுழைக்கும்போது ரெஃபரன்ஸை விரிக்கும் டிக் ஒன்று உண்டு. அதைப் போட்டால் ரேஞ்சின் ஓரத்தில் நுழைக்கும் வரியும் உள்ளே சேரும். நுழைக்காமல் வெறுமனே கீழே அடித்தால் சேராது.

11. பிறகு ஒருநாள் விடை தப்பினால்

நேம் மேனேஜரில் ஒரே பெயர் இரண்டு முறை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஷீட்டைக் காப்பி எடுக்கும்போது அதிலுள்ள செல்களைக் குறிக்கும் பெயர்களும் சேர்ந்து, அந்த ஷீட்டுக்கு மட்டும் உரிய பெயர்களாக உருவாகிவிடும். அந்த ஷீட்டுக்குள் அவைதான் முந்தும். பெயர் எங்கெல்லாம் செல்லும் என்பதைக் காட்டும் ஸ்கோப் நெடுவரிசையைப் பார்த்தால் தெரியும். உருவாக்கிய பிறகு ஸ்கோப்பை மாற்ற முடியாது. வேண்டாததை அழிக்க வேண்டும், வேறு ஸ்கோப் வேண்டுமென்றால் புதிதாக எழுத வேண்டும்.

அடுத்து, யாராவது செல்களைக் கட் செய்து வேறிடத்தில் ஒட்டினார்களா என்று கேளுங்கள். கட் செய்தால் அந்த செல்லைக் குறிக்கும் முகவரியும் கூடவே நகரும். சாதாரணப் பெயர்கள் இதனால் சுருங்கும் அல்லது இடம் மாறும். இடம் மாற்ற காப்பி எடுத்து ஒட்டி, பழையதை டிலீட் விசையால் அழிப்பதே பாதுகாப்பு.

இரண்டும் இல்லையென்றால் அமைப்பு ஷீட்டின் பி1-ஐப் பாருங்கள். எண் தேவைக்கு மேல் பெரிதாக இருந்தால், ஏ நெடுவரிசையின் அடியில் எங்கோ ஓர் எண் தனியாகக் கிடக்கிறது. அந்த வரி எண்ணைத்தான் பி1 காட்டிக்கொண்டிருக்கிறது. நேரே போய் அழித்துவிடலாம். சிறிதாக இருந்தால் கடைசிப் பதிவுகளின் தேதி எழுத்தாக விழுந்திருக்கிறது: அந்த நெடுவரிசையைத் தேர்ந்து, டேட்டா டேபில் டெக்ஸ்ட் டு காலம்ஸ் திறந்து, மூன்றாம் கட்டத்தில் தேதி வகையையும் நாள், மாதம், ஆண்டு வரிசையையும் தேர்ந்து முடியுங்கள்.